நடு ஆசனத்தில் முளைத்த கியர்

பவானி காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். ஏறவில்லை.

ஒரு புதன்கிழமை காலை. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை கடலை நோக்கி இறங்குவது. ஒரு வாகனம் நின்றால் மற்றது போக முடியாத அளவுக்கு ஒடுக்கம். பின்னால் மீன்காரரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. பெட்டியிலிருந்து சாளை மீன் வாடை. முகத்துக்குப் பவுடர் போட்டு, தோளில் துணிப் பையைக் கொழுவிக்கொண்டு, பவானி எதையும் கேட்காதவளாக நின்றாள்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது முன் ஆசனத்துக்கு முன்னால், காரின் தரையிலிருந்து எழும்பி நின்ற ஒரு இரும்புத் தடியை. நுனியில் கறுப்புக் குமிழ். சில வாரங்களுக்கு முன்பு வரை அந்த இடத்தில் தடி இல்லை. அவளுடைய கால்கள்தான் இருந்தன.

"ஏறம்மா, நேரம் போகுது," என்றேன்.

என் மனைவி சாந்தி அவளுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். 'நான் அப்பவே சொன்னனான்' என்ற பார்வை. கலியாணமான நாளிலிருந்து எனக்கு மிகவும் பழக்கமான பார்வை அது.

வாரக்கணக்காகத் துறைமுகத்தையும் சுங்கத்தையும் பற்றியே இந்தப் பத்தியில் எழுதி வருகிறேன். பொருட்களை இறக்கி எடுக்கும் வேலையில் காலம் போன மனிதனுக்கு வேறு என்ன தெரியும் என்று வாசகர்கள் நினைத்திருக்கலாம். இந்த வாரம் வீட்டுப் பக்கம் வருகிறேன்.

முன்னால் மூன்று பேர்

பவானி என் தங்கை. அறுபது தாண்டிவிட்டது. பிறந்ததிலிருந்தே அவளுடைய மூளை வளர்ச்சி மெதுவானது. டொக்டர்மார் அதற்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பெயர் சொன்னார்கள். அவளுக்குச் சொற்கள் கொஞ்சம், விருப்பு வெறுப்புகள் ஏராளம். கோபம் வந்தால் கீழ்மாடிக்காரர் வந்து கதவைத் தட்டுவார்.

கார் அப்பாவுடையது. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு பறங்கியரிடமிருந்து வாங்கினார். பிரான்ஸில் செய்த கார். அப்பா காலையில் எழும்பியதும் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அதைத்தான் போய்த் துடைப்பார். அம்மா அதற்குப் 'பிரெஞ்சுக்காரி' என்று பெயர் வைத்தா. "பிரெஞ்சுக்காரி குளிச்சிட்டாவோ? இனித் தேத்தண்ணி குடிக்கலாமோ?" என்று கேட்பா. பெயர் நிலைத்துவிட்டது.

இந்தக் காலத்துக் கார்களைப் போல அதற்கு முன்னால் தனித்தனி ஆசனங்கள் இல்லை. இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஒரே நீளமான மெத்தை ஆசனம். கியர் தடி தரையில் இருக்காது. ஸ்டியரிங் தண்டின் இடப்பக்கத்தில் கைக்கெட்டும் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே முன்னால் மூன்று பேர் தாராளமாக இருக்கலாம். அப்பா ஓட்டுவார், நடுவில் பவானி, கதவோரம் அம்மா. நான் பின்னால், தேங்காய்களோடும் பலகாரச் சட்டிகளோடும்.

நடு இடம் பவானிக்கு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. சிறு வயதில் அவள்தான் கதவோரம் இருப்பவள். ஒருநாள் பம்பலப்பிட்டியில் கார் திரும்பும்போது கதவுப் பிடியை இழுத்துவிட்டாள். கதவு திறந்தது, இவள் தெருவில். அப்பா வழக்கம்போல நத்தை வேகத்தில் போனதால் முழங்கை உரசியதோடு தப்பினாள். லொத்தர் டிக்கெட் விற்கிற ஒருவர் தூக்கிக்கொண்டுவந்து தந்தார். அம்மாவுக்கு நடுக்கம் நிற்க ஒரு கிழமை ஆனது. பிறகு சட்டம் போட்டா.

"இனி நீ நடுவிலதான். கதவுப் பக்கம் போனா அடிதான் விழும், சொல்லிப்போட்டன்."

அன்றிலிருந்து பவானி நடுவில். அப்பா போனபின் ஸ்டியரிங்குக்கு நான் வந்தேன். அம்மா போனபின் கதவோரத்துக்குச் சாந்தி வந்தாள். நடு இடம் மட்டும் மாறவில்லை. லண்டனிலிருந்து வந்திருந்த சாந்தியின் அண்ணன் மகன் ஒருநாள் ஓடிப்போய் அங்கே உட்கார்ந்தான். பவானி அவன் காதைப் பிடித்துப் பின்னுக்கு அனுப்பினாள். பையன் விமானம் ஏறும்வரை அவளோடு கதைக்கவில்லை. அது அவளுடைய சிம்மாசனம் என்று வருகிறவர்களிடமெல்லாம் நாங்கள் பெருமையாகச் சொல்வோம்.

புதன்கிழமை

பவானியின் கிழமையில் ஒரேயொரு நாள்தான் உண்டு. அது புதன். கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயத்தின் பின்புறம் ஒரு சிறிய மண்டபம் இருக்கிறது. அங்கே பெண்கள் கூடியிருந்து துணிப் பைகள் தைக்கிறார்கள். தைத்து முடிந்த பையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களை வெட்டுவது பவானியின் வேலை. அவளுக்கென்று ஒரு கதிரை, ஒரு கத்தரிக்கோல். பக்கத்துக் கதிரையில் மெர்சி என்றொரு பெண், பவானியைப் போன்றவள். ஒவ்வொரு கிழமையும் இருவரும் சண்டை பிடிப்பார்கள். மற்றக் கிழமை சமாதானமாகி மறுபடி சண்டை பிடிப்பார்கள். சண்டை பிடிக்கவும் ஒருவருக்கு ஒரு சிநேகிதி வேண்டும். பவானிக்கு இந்த உலகத்தில் மெர்சியை விட்டால் வேறு யாருமில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் தொடங்குவாள். "நாளைக்குப் புதனோ?"

"இல்லை, நாளைக்கு வெள்ளி."

அடுத்த நாளும் அதே கேள்வி. திங்கள் வரைக்கும் நான் 'இல்லை' சொல்லவேண்டும். நான் பொறுமைக்குப் பெயர் போனவன் அல்ல என்பது என்னோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஆனால் செவ்வாய்க்கிழமை 'ஓம், நாளைக்குப் புதன்' என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். அதற்காக ஐந்து நாளும் 'இல்லை' சொல்லலாம்.

சிக்கல் என்னவென்றால், பிரெஞ்சுக்காரியைத் தவிர வேறெதிலும் அவள் ஏறமாட்டாள். ஓட்டோவைக் கண்டால் இரண்டு அடி பின்வாங்குவாள். வாடகைக் கார் பிடித்து, பின் ஆசனத்தில் எங்கள் இருவருக்கும் நடுவில் ஏற்றப் பார்த்தோம். ஏறாமல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், கிழமைக்கு அளந்து தந்த பெற்றோல் முழுவதையும் புதன்கிழமைக்கென்று ஒதுக்கிவைத்தோம். மரக்கறிக்கும் கோயிலுக்கும் நடந்து போனோம். சாந்தி அப்போது மெலிந்தாள். எனக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

ஆக, கார் நின்றால் பவானியின் புதன் நிற்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

பொரளைச் சந்தியில்

ஸ்டியரிங்கில் இருக்கும் கியருக்கு ஒரு வியாதி உண்டு. நம் கையிலிருக்கும் தடிக்கும் கியர் பெட்டிக்கும் இடையில் இரும்புக் கம்பிகள் ஓடுகின்றன. அவற்றின் மூட்டுகள் தேய்ந்தால் கியர் இரண்டுக்கும் நடுவில் போய் இறுகிவிடும். முன்னுக்கும் வராது, பின்னுக்கும் போகாது. இறங்கிப் பொனற்றைத் திறந்து, கொதிக்கும் எஞ்சினுக்குப் பக்கத்தில் கையை விட்டு, கம்பிகளைப் பிடித்து இழுத்துவிடவேண்டும். அப்பா அதற்கென்று ஒரு கைலேஞ்சி வைத்திருந்தார். நான் சாந்தியின் பழைய சேலைத் துண்டு வைத்திருந்தேன்.

வருடத்துக்கு ஒருமுறை வந்த வியாதி மாதத்துக்கு ஒருமுறையானது. பிறகு நினைத்த நேரமெல்லாம் வந்தது.

ஒரு மழை நாள். பவானியை ஆஸ்பத்திரிக்குக் காட்டிவிட்டுத் திரும்புகிறோம். பொரளைச் சந்தியில் பச்சை விளக்கு எரிந்தது. பாதித் தூரம் போய் நான் இரண்டாம் கியரைப் போட, அது நடுவில் இறுகியது. கார் சந்தியின் மத்தியில் நின்றது. இடப்பக்கத்திலிருந்து வந்த பஸ் பிரேக் பிடித்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. பஸ்ஸின் பக்கக் கண்ணாடி சாந்தியின் ஜன்னலை உரசிக்கொண்டு நின்றது. கொண்டக்டர் தலையை நீட்டி, "அங்கிள், மேக்க மியூசியம் எக்கட்ட தான்ன!" என்று சிங்களத்தில் கத்தினான். நூதனசாலையில் கொண்டுபோய்ப் போடட்டாம். நான் மழையில் நனைந்தபடி பொனற்றுக்குள் கையை விட்டேன். பவானி நடுவில் இருந்து கச்சான் கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வீடு வந்து சேரும்வரை சாந்தி கதவுப் பிடியை விடவில்லை. வந்ததும் பேசினாள்.

"ஒண்டில் இதைத் திருத்துங்கோ, இல்லாட்டி வித்துப்போடுங்கோ. இன்னுமொருக்கா நான் இதுக்குள்ள உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு இருக்க மாட்டன்."

விற்பது என்ற பேச்சுக்கு இடமில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

பாரூக் நானாவின் அளவு

மாளிகாவத்தையில் தொடர்மாடிகளுக்கு இடையில் தகரக் கூரை போட்ட கராஜ் ஒன்று உண்டு. அதன் சொந்தக்காரர் பாரூக் நானா. என்னைவிடப் பத்து வயது இளையவர், என்றாலும் எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன்தான். நல்ல பருத்த உடம்பு. வாய் ஓய்ந்தால் கை ஓய்ந்துவிடும் என்பதுபோலப் பேசிக்கொண்டே வேலை செய்வார்.

"சேர், இந்த மூட்டுச் சாமானுக்கு நான் பஞ்சிகாவத்தைக் கடையெல்லாம் தேடிட்டன். பித்தளையில அடிச்சன், நைலோன்ல கடைஞ்சன். போன நோன்புக்குப் போட்டது பெருநாளைக்கே போயிட்டு. இனி ஏலா. ஃப்ளோர் கியர் போடுவம்."

"எப்பிடி?"

"ஜப்பான் பிக்கப் ஒண்ட கியர் பொக்ஸ் கைவசம் ஈக்கி. அத மாட்டினா கம்பியுமில்ல, மூட்டுமில்ல. தரையால ஓட்டை போட்டுத் தடியை மேல எடுத்தாச் சரி. அஞ்சு கியர், சேர்! பிரான்ஸ்காரனே பாத்தாப் பொறாமைப்படுவான்."

செய்தி எப்படியோ பரவி, பழைய கார்கள் வைத்திருக்கும் ஒரு கனவான் எனக்குப் போன் எடுத்தார். அசல் கியரைக் கழற்றுவது பாவம் என்றார், காரின் மதிப்பே போய்விடும் என்றார். அவருடைய கார்கள் துணி போர்த்தி நிழலில் நிற்பவை. எங்கள் கார் புதன்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போகவேண்டியது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பாரூக் நானாவிடம் நான் ஒரேயொரு நிபந்தனை போட்டேன். "என்ன செய்தாலும் செய்யுங்கோ. முன்னுக்கு நடுவில ஆள் இருக்கோணும்."

"ராசா மாதிரி இருக்கலாம், சேர்."

அளந்தார். சோக்கட்டியால் தரையில் குறி போட்டார். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் அளந்ததை நானே பார்த்தேன். ஆனால் அவர் அளந்தபோது முன் ஆசனம் காரில் இல்லை. வேலைக்கு இடைஞ்சல் என்று அதைக் கழற்றி வெளியில் வைத்திருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் அதில் இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். அது எனக்கும் உறைக்கவில்லை.

ஓட்டை வெட்டி, தடியை எடுத்து, ஆசனத்தைத் திரும்பப் போட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது. தடி சரியாக ஆசனத்தின் முன் விளிம்புக்கு அடியில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

"சீட்ட ரெண்டா வெட்டுவம், சேர்," என்றார், ஒன்றும் நடவாதவர் போல. "புதுக் கார் எல்லாத்திலயும் அப்பிடித்தானே?"

"ராசாவை எங்க இருத்துறது?" என்று கத்திவிட்டேன். பிளேன்டீக்காரர் எழும்பிப் போய்விட்டார். நான் வெளியிடங்களில் கத்துவதில்லை. சாந்தி இதை ஏற்கமாட்டாள், ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

பள்ளியில் பாங்கு சொன்னது. பாரூக் நானா தொழப் போனார். திரும்பி வரும்போது முகத்தில் வெளிச்சம். "பழைய பஸ்ஸுல கண்டீக்கிறீங்களா, சேர்? தடி முன்னுக்குப் போய் வளைஞ்சு மறுகா மேல வரும்! அப்பிடிச் செய்வம்." தடியை வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்தார். ஆசனம் முழுதாக உட்கார்ந்தது. நான் அவரிடம் கத்தியதற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

அந்த வெட்கம் அரை மணித்தியாலம் நீடித்தது.

தெமட்டகொடைக்கு ஒரு வெள்ளோட்டம்

நான் ஓட்டினேன். நடுவில் ஆளை வைத்துப் பார்க்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். கராஜில் அப்போது நின்றவர் பாரூக் நானா ஒருவர்தான். அவரே ஏறினார்.

முதலாம் கியர் அழகாக விழுந்தது. இரண்டாம் கியருக்குத் தடியைப் பின்னுக்கு இழுத்தேன். அது போய் அவர் தொடையின் உட்புறத்தில் விழுந்தது.

"அல்லாஹ்!"

"நோகுதோ நானா?"

"நீங்க ஓட்டுங்க, சேர்."

மூன்றாம் கியர் நல்ல பிள்ளை. நான்காம் கியர் மறுபடி முழங்காலில். ரயில் தண்டவாளங்களின் ஓரமாகத் தெமட்டகொடைப் பக்கம் போகிற பாதையில் குழிகள் அதிகம். குழிக்குக் குழி நான் இரண்டாம் கியருக்கு வரவேண்டியிருந்தது. கடைசியில் பாரூக் நானா இரண்டு முழங்கால்களையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பக்கத்தில் வந்த ஓட்டோவுக்குள் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

கராஜுக்குத் திரும்பி இறங்கும்போது தொடையைத் தடவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "சேர், பொய் செல்ல மாட்டன். இதுல மனிசர் இருக்க ஏலா. தேங்கா மூட்டை வைக்கலாம்."

தடியை இன்னும் கொஞ்சம் என் பக்கம் சரித்துத் தந்தார். பழைய கியர் பெட்டியைத் திரும்ப மாட்டலாமா என்று கேட்டேன். மாட்டலாம், அதே வியாதியும் கூட வரும் என்றார். பொரளைச் சந்தி ஞாபகம் வந்தது. காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நின்றுபோன கேள்வி

கார் கராஜில் நின்ற வாரங்களைப் பற்றிச் சொல்லவேண்டும்.

முதலாவது புதன்கிழமை பவானி உடுத்துக்கொண்டு பல்கனியில் நின்று ஒழுங்கையைப் பார்த்தாள். கார் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று நூறு தரம் சொல்லியிருந்தேன். மத்தியானம் வரை நின்றாள். பிறகு பையைத் தூக்கி என்மீது எறிந்தாள். அடுத்த புதனும் நின்றாள், ஆனால் எறியவில்லை. அதற்கடுத்த கிழமை பவுடர் போடவில்லை.

கொட்டாஞ்சேனை மண்டபத்துக்குப் பொறுப்பான பெண்மணி போன் எடுத்து, பக்கத்துக் கதிரையில் யாரையும் இருக்கவிடாமல் மெர்சி அட்டகாசம் பண்ணுவதாகச் சொன்னார். அதைப் பவானியிடம் சொன்னேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு நாள் கவனித்தேன். 'நாளைக்குப் புதனோ?' என்று அவள் கேட்பதை விட்டிருந்தாள். ஆறு நாளும் எனக்கு எரிச்சல் ஊட்டிய கேள்வி அது. அது இல்லாத வீடு எனக்குப் பயமாக இருந்தது. இவள் இப்படியே உள்ளுக்குள் போய்விடுவாளோ என்று பயந்தேன். அந்தப் பயத்தைச் சாந்தியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது என்பது வேறு விஷயம்.

ஆகவே கார் வந்த அன்று பின்னேரம் இருவரும் ஒத்திகை பார்த்தோம். பவானி உறங்கிக்கொண்டிருந்தாள். ஒழுங்கையில் நின்ற காரில், சாந்தி நடுவில் பவானியாக இருந்தாள். நான் இரண்டாம் கியர் போடுமுன் "முழங்கால்!" என்பேன். அவள் காலை இடப்பக்கம் சாய்க்கவேண்டும்.

"முழங்கால்!"

"ஐயோ, மெதுவா!"

"முழங்கால்!"

"கொட்டாஞ்சேனை வரைக்கும் இதைத்தான் சொல்லிக்கொண்டு போகப் போறியளோ? வாய் நோகாதே உங்களுக்கு?"

"அப்ப ரெண்டாம் கியரைப் பாவிக்காமலே போறன்."

"போங்கோ. அடுத்த கிழமை கிளச் போச்செண்டு நானாட்டப் போய் நிப்பியள்." அவள் சிரித்தாள். பிறகு தடியை ஒரு முறை பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "அவள் இதைக் கண்டிட்டு ஏறாட்டி என்னப்பா செய்யிறது? பேசாமல் சீற்றை வெட்டிப் பின்னுக்கு இருத்திப் பழக்கியிருக்கலாம். நான் சொல்ல நீங்கள் எங்க கேட்டனியள்?"

நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன்.

மறுபடி ஒழுங்கையில்

சாந்தி நான்கு சக்கரங்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். அறுபது வருடக் காருக்கு எதற்கு என்று கேட்டேன். கார் பழசென்றாலும் கியர் புதிது என்றாள். கற்பூரத்தையும் கொளுத்திக் காட்டினாள். மீன்காரர் ஹோர்ன் அடிப்பதை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பிறகு மறுபடி ஹோர்ன் அடித்தார்.

பவானி கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

நான் விளங்கப்படுத்தத் தொடங்கினேன். "இஞ்ச பார், இது புதுக் கியர். நீ வழமைபோல நடுவில இரு. காலை மட்டும் இப்பிடிச் சரிச்சு வைச்சிரு. நான் சொல்லுவன், சரியோ? பயப்பிடாதை."

அவள் கேட்டாளா தெரியாது. குனிந்து கையை நீட்டிக் கறுப்புக் குமிழைத் தொட்டாள். ஆட்டிப் பார்த்தாள். தடி அசைந்து, அவள் வழக்கமாக இருக்கும் இடத்துப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. அவள் நிமிர்ந்தாள். முகத்தில் என்ன இருக்கிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இவள் படியேறி வீட்டுக்குள் போகப் போகிறாள், எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

அவள் சாந்தியின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, நீங்க பின்னால போங்கோ."

சாந்திக்கு விளங்கவில்லை. எனக்கும்தான். பவானி சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறினாள். நடுவுக்கு நகரவில்லை. கதவோரத்திலேயே நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒழுங்கை அதிரக் கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள். பூட்டும் குமிழைத் தானே அழுத்தினாள். தெருவில் நின்ற சாந்தி ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டுப் பின் கதவைத் திறந்து ஏறினாள். அம்மா போனபின் அந்தக் காரின் பின் ஆசனத்தில் அவள் இருந்தது அதுவே முதல் தடவை.

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. ஒழுங்கை முடிந்து கடலோரப் பாதையில் திரும்பினேன். இரண்டாம் கியர் விழுந்தது. யாருடைய முழங்காலிலும் படவில்லை.

பவானி கண்ணாடியை இறக்கத் தொடங்கினாள். தலைமுடிக்குக் கூடாது என்று சாந்தி வருடக்கணக்காகத் திறக்காத ஜன்னல். பிடி இறுக்கமாக இருந்தது. இரண்டு கைகளாலும் சுற்றிச் சுற்றி அடிமட்டம் வரை இறக்கினாள். காற்று உள்ளே அடித்தது. முழங்கையைத் தூக்கி ஜன்னலில் வைத்து, முகத்தைக் கடலுக்குக் காட்டினாள். முகத்துப் பவுடர் பறந்தது. கையை உள்ளே எடு என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன்.

பம்பலப்பிட்டி தாண்டியபின் கேட்டேன். "பவானி, உனக்கு நடுவில இருக்க விருப்பமில்லையோ?"

"அம்மா ஏசுவா," என்றாள். கண்ணைக் கடலிலிருந்து எடுக்கவில்லை.

அம்மா செத்துப் பத்து வருடங்களுக்கு மேலாகிறது. பின்னால் சாந்தி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எனக்கும் பாதை கலங்கலாகத் தெரிந்தது. கியரை மாற்றி வேகத்தைக் குறைத்தேன்.

பவானி கையை எட்டி, தனக்கும் எனக்கும் நடுவில் நின்ற தடியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"இப்ப நடுவில இடமில்லை. இனி ஏச மாட்டா."

கொள்ளுப்பிட்டியில் சிவப்பு விளக்கு. நேரமாகிவிட்டிருந்தது, மெர்சி காத்துக்கொண்டிருப்பாள். பச்சை விழுந்ததும் வேகமாகப் போகப் பார்த்தேன். கொட்டாஞ்சேனை வரும்வரை 'கெதியா, கெதியா' என்று என் உயிரை வாங்குகிறவள், அன்று வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"அண்ணா, மெதுவாப் போங்கோ."